இடிமழை எச்சரிக்கையை விமானி எப்படிப் படிக்கிறார்? தோட்டத்து மக்களுக்கும் அதில் பாடம் உண்டு

மாலை 4 மணி வாக்கில் நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் அண்ணாந்து பார்த்தால் இறங்கவேண்டிய விமானங்கள் இறங்காமல் சுற்றுவதையும், வழக்கமான பாதையை விட்டு வேறு திசையில் திரும்புவதையும் காணலாம். "ஏன் இறங்காமல் சுற்றுது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்களிடம் சரியான பதில் இருக்காது. விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நம் உறவினருக்கோ வயிற்றைக் கலக்கும்.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998 ஜூன் 27-இல் திறக்கப்பட்டது. பெயரில் கோலாலம்பூர் இருந்தாலும் அது இருப்பது சிலாங்கூரின் சிப்பாங்கில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி. ஒரு காலத்தில் சுற்றிலும் தோட்டங்களாக இருந்த வட்டாரம் அது. தென்கிழக்கிலிருந்து வந்து இறங்கும் விமானங்கள் லுக்குட், போர்ட்டிக்சன் பக்கமாகத்தான் தாழ்ந்து வருகின்றன. ஆகவே விமானியைக் கவலைப்பட வைக்கும் மேகமும், தோட்டத்தில் குலை வெட்டுபவரின் தலைக்கு மேல் நிற்கும் மேகமும் பல நாள்களில் ஒன்றுதான்.

அந்த மேகத்தைப் பற்றி விமானிக்கு என்ன எச்சரிக்கை வருகிறது, அதை அவர் எப்படிப் புரிந்துகொள்கிறார், என்ன முடிவு எடுக்கிறார் என்பதை இங்கே பார்ப்போம். அதில் நமக்கு என்ன பயன் என்பது கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறது.

சிக்மெட் என்றால் என்ன?

விமானங்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய கடுமையான வானிலையைப் பற்றிய எச்சரிக்கைக்கு 'சிக்மெட்' என்று பெயர். உலக நாடுகள் தங்கள் வானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பொறுப்பேற்றுக்கொண்டுள்ளன. மலேசியாவின் பொறுப்பில் கோலாலம்பூர் வான் பகுதி, கோத்தா கினபாலு வான் பகுதி என இரண்டு உள்ளன. நெகிரி செம்பிலானுக்கு மேலுள்ள வானம் முதலாவதில் அடங்கும். இந்தப் பகுதிகளுக்கான சிக்மெட்டை வெளியிடுவது மெட்மலேசியா எனப்படும் மலேசிய வானிலை ஆய்வுத் துறை.

சாதாரண மழைக்கு சிக்மெட் வராது. கடுமையான இடிமழை, கடுமையான காற்றுக் கொந்தளிப்பு, இறக்கையில் கடுமையாகப் பனி படிதல், வெப்பமண்டலப் புயல், எரிமலைச் சாம்பல் போன்றவற்றுக்குத்தான் வரும். நம் வட்டாரத்தில் மிக அதிகமாக வருவது இடிமழைக்கானது.

பொதுவாக ஒரு சிக்மெட் 4 மணி நேரத்துக்கு மேல் செல்லாது. எரிமலைச் சாம்பலுக்கும் புயலுக்கும் மட்டும் 6 மணி நேரம் வரை நீளலாம். அதற்குப் பிறகும் ஆபத்து இருந்தால் புதிதாக ஒன்று வெளியிட வேண்டும். ஆபத்து முன்கூட்டியே விலகிவிட்டால் பழையதை ரத்து செய்ய வேண்டும்.

ஒரு வரியில் ஒரு கதை

சிக்மெட் நீளமான வாக்கியமாக எழுதப்படுவதில்லை. உலகில் எந்த மொழி பேசும் விமானியும் படிப்பதற்காக, சுருக்கக் குறியீடுகளாகவே இருக்கும். விளக்கத்துக்காக நாம் ஓர் உதாரணம் அமைத்துப் பார்ப்போம்.

முதலில் வான் பகுதியின் குறியீடு. கோலாலம்பூர் வான் பகுதிக்கு 'டபிள்யூ எம் எஃப் சி'. அடுத்து வரிசை எண். 'சிக்மெட் 4' என்றால் அந்த நாளில் அது நான்காவது. விமானி ஏற்கெனவே மூன்றாவதைப் படித்திருந்தால், இது புதியது என்று உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவதாக நேரம். '150700/151000' என்று இருந்தால் மாதத்தின் 15ஆம் நாள், 7 மணி முதல் 10 மணி வரை. இது நம் கடிகார நேரம் அல்ல, அனைத்துலகப் பொது நேரம். மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் கூடுதல். ஆகவே நமக்கு அது பிற்பகல் 3 மணி முதல் மாலை 6 மணி வரை. நாடு விட்டு நாடு பறக்கும் விமானி ஒவ்வோர் ஊரின் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் குழம்பிவிடுவார் என்பதால்தான் உலகம் முழுவதற்கும் ஒரே நேரம்.

நான்காவது, ஆபத்தின் வகை. 'டி எஸ்' என்றால் இடிமேகம். ஆனால் அதற்கு முன்னால் வரும் சொல்தான் முக்கியம்.

'எம்பெடட்' என்றால் மற்ற மேகக் கூட்டத்துக்குள் புதைந்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வெள்ளை மேகம், உள்ளே இடிமேகம். 'அப்ஸ்கியூர்ட்' என்றால் புகைமூட்டத்தாலோ இருட்டாலோ கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பது. எரிந்த காட்டின் புகை சுமத்ராவிலிருந்து வரும் மாதங்களில் இதன் பொருள் நமக்கு எளிதில் விளங்கும். 'ஃப்ரீக்வென்ட்' என்றால் இடிமேகங்கள் நெருக்கமாக, இடைவெளி அதிகமில்லாமல் இருப்பது. 'ஸ்குவால் லைன்' என்றால் இடிமேகங்கள் ஒரு மதில்போல வரிசையாக நகர்ந்து வருவது.

தனியாக, தெளிவாகத் தெரியும் ஓர் இடிமேகத்துக்கு சிக்மெட் வெளியிடப்படுவதில்லை. அதை விமானி கண்ணால் பார்த்தே விலகிப் போய்விடலாம். மறைந்திருப்பதும் வழியை அடைப்பதும்தான் பேராபத்து. இந்த ஒரு விவரத்திலேயே சிக்மெட்டின் நோக்கம் அடங்கியிருக்கிறது.

ஐந்தாவதாக, இது பார்த்துச் சொல்லப்பட்டதா, கணித்துச் சொல்லப்பட்டதா என்பது. இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. 'நேரில் காணப்பட்டது' என்றால் மேகம் இப்போதே அங்கே இருக்கிறது. 'கணிப்பு' என்றால் உருவாகும் வாய்ப்பு உள்ளது.

ஆறாவதாக இடம். மாநிலப் பெயரோ ஊர்ப்பெயரோ பெரும்பாலும் இருக்காது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக நான்கைந்து புள்ளிகள் தரப்படும். அவற்றைக் கோட்டால் இணைத்தால் வரைபடத்தில் ஒரு கட்டம் கிடைக்கும். சிரம்பான் ஏறக்குறைய வடக்கு 2 டிகிரி 43 நிமிடத்திலும் கிழக்கு 101 டிகிரி 57 நிமிடத்திலும் இருக்கிறது. அந்தப் புள்ளி கட்டத்துக்குள் விழுந்தால் நம் ஊர் வானமும் எச்சரிக்கைக்குள் இருக்கிறது.

கடைசியாக உயரம், நகர்வு, போக்கு. மேகத்தின் உச்சி 'எஃப் எல் 520' என்றால் 52,000 அடி. 'கிழக்கே 10 நாட்' என்றால் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்கிறது. அதன்பின் மூன்றில் ஒரு சொல் வரும்: வலுக்கிறது, வலுக்குறைகிறது, மாற்றமில்லை.

இவ்வளவும் சேர்ந்து மூன்று நான்கு வரிகள்தான். பழகிய விமானிக்குப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மேலே ஏறித் தாண்டிவிட முடியாதா?

பலர் கேட்கும் கேள்வி இது. பயணிகள் விமானம் வழக்கமாக 30,000 முதல் 41,000 அடி வரையிலான உயரத்தில் பறக்கிறது. நம் வெப்பமண்டலத்து இடிமேகத்தின் உச்சியோ பல நேரங்களில் 50,000 அடியையும் தாண்டும். மேலே ஏறித் தப்பிப்பது பெரும்பாலும் நடக்காது. கீழே நுழைந்து போகலாம் என்றால், அங்கேதான் கொட்டும் மழையும் கீழ்நோக்கிப் பாயும் காற்றும் இருக்கின்றன. மிச்சமிருப்பது சுற்றிப் போவது ஒன்றுதான்.

கடுமையான இடிமேகத்திலிருந்து 20 கடல் மைலாவது விலகிச் செல்லவேண்டும் என்பது விமானிகளுக்குச் சொல்லித்தரப்படும் அளவு. அதாவது சுமார் 37 கிலோமீட்டர். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் தூரத்தைவிடச் சற்று அதிகம். மேகத்துக்கு வெளியே, தெளிந்த வானத்திலும் கொந்தளிப்பு இருக்கும் என்பதால்தான் இவ்வளவு இடைவெளி. அதிலும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றுவதையே விமானி விரும்புவார். மறுபக்கத்தில் மேகத்தின் தலைப்பகுதி காற்றில் விரிந்து, ஆலங்கட்டியையும் கொந்தளிப்பையும் சுமந்துகொண்டிருக்கும்.

சிக்மெட் கட்டம் தடைவேலி அல்ல

கட்டத்துக்குள் விமானம் நுழையவே கூடாது என்று சட்டம் இல்லை. கட்டம் சில நேரங்களில் பேராக்கிலிருந்து ஜொகூர் வரை நீளும். மூன்று மணி நேரத்தில் மேகம் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துத்தான் அது வரையப்படுகிறது. அதற்குள் எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் இடி இடிப்பதில்லை. சிரம்பானில் கொட்டும்போது பகாவில் வெயில் அடிப்பதை நாம் பார்த்ததில்லையா?

மறுபக்கமும் உண்டு. கட்டத்துக்கு வெளியே இருப்பதால் ஆபத்தே இல்லை என்றும் விமானி நினைக்கமாட்டார். எச்சரிக்கை எழுதப்பட்ட நேரத்துக்கும் படிக்கப்படும் நேரத்துக்கும் இடையில் நம் ஊர் மேகம் அரை மணி நேரத்தில் பெரிதாகிவிடும்.

ஆகவே அவர் சிக்மெட்டை மட்டும் நம்புவதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தகவல்களை அடுக்கிப் பார்க்கிறார். புறப்படுமுன் லண்டன், வாஷிங்டன் ஆகிய இரு உலக முன்னறிவிப்பு மையங்கள் தரும் வரைபடங்கள். போய்ச் சேரும் விமான நிலையத்துக்கான முன்னறிவிப்பு. அரை மணிக்கு ஒருமுறை அங்கிருந்து வரும் நடப்பு நிலவரம். முன்னால் போகும் விமானிகள் வானொலியில் சொல்லும் செய்தி. விமானத்தின் மூக்கில் இருக்கும் ரேடார். கடைசியாக, தன் இரு கண்கள்.

சிக்மெட் அவருக்குச் சொல்வது: "இந்தப் பக்கம் கவனமாகப் பார், மாற்று வழியை யோசித்து வை, எரிபொருளைக் கூட்டிக்கொள்." பினாங்கு, செனாய், சிங்கப்பூர் போன்ற ஒரு மாற்று விமான நிலையத்துக்குப் போகவும், சிறிது நேரம் சுற்றவும், அதற்கு மேலும் குறைந்தது 30 நிமிடம் பறக்கவும் எரிபொருள் கணக்கிடப்படுகிறது. நம் தலைக்கு மேல் விமானம் அமைதியாகச் சுற்றுகிறது என்றால், இந்தக் கணக்கு தரையிலேயே போடப்பட்டுவிட்டது என்று பொருள்.

ரேடாரையும் கண்மூடி நம்ப முடியாது

விமானியின் திரையில் லேசான மழை பச்சையாகவும், நடுத்தர மழை மஞ்சளாகவும், கனமழை சிவப்பாகவும் தெரியும். ஆனால் ரேடார் காட்டுவது மழைத்துளியைத்தான், காற்றின் கொந்தளிப்பை நேரடியாக அல்ல. மேகத்தின் உச்சியில் இருப்பது பனித்துகள். அது ரேடாருக்கு மங்கலாகத்தான் தெரியும். அதனால் உயரத்தில் பறக்கும் விமானி ரேடாரைக் கீழ்நோக்கிச் சாய்த்து, மேகத்தின் ஈரமான வயிற்றுப்பகுதியைப் பார்க்கவேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. கனமழை ரேடார் அலையை விழுங்கிவிடும். அதற்குப் பின்னால் இன்னும் பெரிய மேகம் இருந்தாலும் திரையில் அந்த இடம் கறுப்பாக, காலியாகத் தெரியும். அனுபவமில்லாதவர் அதை வழி என்று நினைத்துவிடலாம். அங்கே புதைந்த இடிமேகம் இருக்கிறது என்று சிக்மெட் முன்பே சொல்லியிருந்தால், விமானி அந்தக் கறுப்பைக் கண்டு ஏமாறமாட்டார். எச்சரிக்கையின் மதிப்பு இங்கேதான் தெரியும்.

கருவிக்குத் தெரியாமல் போனவை

1982 ஜூன் 24. கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், ஜாவா அருகே இரவில் கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் நுழைந்தது. நான்கு இயந்திரங்களும் அடுத்தடுத்து நின்றன. சாம்பல் உலர்ந்தது என்பதால் ரேடாரில் எதுவும் தெரியவில்லை. இயந்திரமில்லாமல் மிதந்து கீழிறங்கி, சாம்பலுக்கு வெளியே வந்தபின் மீண்டும் இயக்கி, ஜாகர்த்தாவில் தரையிறங்கினார்கள். விமானத்தில் இருந்த 263 பேரும் உயிர் தப்பினர். இன்று எரிமலைச் சாம்பலுக்கென்றே உலகில் 9 ஆலோசனை மையங்கள் இயங்குகின்றன. நம் வட்டாரத்தைக் கவனிப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம். பாலிக்குப் போகும் விமானங்கள் சாம்பலால் ரத்தாகும்போது அதன் பின்னணி இதுதான்.

2024 மே 21. லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியன்மாரின் ஐராவதி பகுதிக்கு மேலே, 37,000 அடியில் கடுமையான கொந்தளிப்பில் சிக்கியது. வளர்ந்துகொண்டிருந்த மேகங்களுக்கு மேலே அது பறந்திருக்கக்கூடும் என்று சிங்கப்பூர் விசாரணைக் குழுவின் முதற்கட்ட அறிக்கை கூறியது. ஐந்து வினாடிக்கும் குறைவான நேரத்தில் நடந்த குலுக்கலில், வார் அணியாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டுக் கீழே விழுந்தனர். விமானம் பேங்காக்கில் இறங்கியது. ஒரு பயணி உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். இருக்கை வார் அணியும்படி விளக்கு எரிந்து சில வினாடிகளே ஆகியிருந்தன.

நமக்கான பாடம் தெளிவு. விளக்கு எரிந்தபின் வாரைத் தேடக்கூடாது. உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அது இடுப்பில் இருக்கவேண்டும்.

இறங்கும் நேரம்தான் சோதனை

உயரத்தில் இருக்கும்போது சுற்றிப் போக இடமிருக்கிறது. இறங்கும்போது ஓடுபாதை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று திடீரென்று கீழே கொட்டி, தரையில் மோதி நாலா பக்கமும் சிதறும். மழைக்குச் சற்று முன் செம்பனை மட்டைகளை ஒடித்துப்போடும் குளிர்காற்று வருமே, அதன் மூர்க்கமான வடிவம் அது. அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று கிடைத்துத் தூக்கிவிடும். சில வினாடிகளில் அது பின்காற்றாக மாறி, தாங்கும் சக்தியைப் பறித்துவிடும். 1985 ஆகஸ்டு 2-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் டெல்டா நிறுவனத்தின் விமானம் இப்படித்தான் ஓடுபாதைக்கு முன்னால் விழுந்து, 137 பேர் இறந்தனர். அதன் பிறகே இந்தக் காற்று மாற்றத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவிகள் விமானங்களில் பரவலாயின.

நம் நாட்டில் ஒரு தோட்டமே சாட்சியாக நின்ற விபத்தும் உண்டு. 1977 செப்டம்பர் 27-இல் ஹாங்காங்கிலிருந்து சுபாங் வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 விமானம், ஓடுபாதைக்குச் சில மைல் முன்னால் சிலாங்கூரின் எல்மினா ரப்பர் தோட்டத்துக் குன்றில் மோதியது. இருந்த 79 பேரில் 34 பேர் மாண்டனர். ஓடுபாதையைக் கண்ணால் காணாமலே, அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே விமானம் இறங்கியதுதான் காரணம் என்று விசாரணை கண்டது.

அந்த உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை தெரியவில்லை என்றால் விமானி உடனே மேலே ஏறிவிட வேண்டும். இறங்க வந்த விமானம் திடீரென உறுமிக்கொண்டு மேலே ஏறினால் பயணிகள் பதறிப்போகிறார்கள். உண்மையில் அதுதான் பாதுகாப்பு. 2024 நவம்பர் 30-இல் ஃபெங்கல் புயலின்போது சென்னையில் ஓடுபாதையைத் தொடப்போன இண்டிகோ விமானம் ஒன்று காற்றில் சாய்ந்து, மீண்டும் மேலேறிய காணொளி நம் கைப்பேசிகளிலும் சுற்றியது. "தப்பிச்சாங்கடா" என்று பலர் எழுதினார்கள். விமானி தனக்குப் பயிற்சி தரப்பட்டதைச் செய்தார் என்பதே சரி. அன்று சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, மறுநாள் அதிகாலைதான் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அப்படியே.

தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயணம் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கல்யாணமோ காரியமோ, முடிந்தால் ஒரு நாள் முன்கூட்டியே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள்.

வெயில் அடிக்குது, ஏன் தாமதம்?

விமானம் வாசலில் நிற்கிறது, வெளியே மழையும் இல்லை, ஆனாலும் "வானிலை காரணமாகத் தாமதம்" என்கிறார்கள். ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவருக்குக் கோபம் வருவது இயல்பு. காரணங்கள் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். போகும் வழியில் அல்லது சேரும் ஊரில் இடிமேகம். முன்னால் வந்த விமானங்கள் சுற்றிக்கொண்டிருப்பதால் வானில் நெரிசல். அல்லது, விமான நிலையத்துக்கு அருகே மின்னல்.

மூன்றாவது காரணத்தைச் சற்று நிறுத்திக் கவனியுங்கள். மின்னல் குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்துவிட்டால், திறந்த தளத்தில் பெட்டி ஏற்றுபவர்களையும் எரிபொருள் நிரப்புபவர்களையும் உள்ளே அழைத்துக்கொள்வது விமான நிலையங்களின் வழக்கம். உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிக்கு மின்னலால் ஆபத்து மிகக் குறைவு. பயணிகள் விமானத்தைச் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை அளவில் மின்னல் தாக்குகிறது. மின்சாரம் வெளி உடல் வழியாக ஓடி வெளியேறிவிடும்படி அது கட்டப்பட்டிருக்கிறது. வெட்டவெளியில் நிற்கும் தொழிலாளிக்கு அந்தக் கவசம் இல்லை. அதனால் கோடிக்கணக்கான வெள்ளி மதிப்புள்ள விமானமும் நூற்றுக்கணக்கான பயணிகளும் அவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

அப்படியானால் தோட்டத்தில்?

நமக்கும் ஒரு சிக்மெட் உண்டு

விமானிக்கு எச்சரிக்கை தரும் அதே மெட்மலேசியா நமக்கும் தருகிறது. 'அமாரான் ரிபுட் பெதிர்' என்ற இடிமழை எச்சரிக்கை அது. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடிமேகம் நெருங்கிவிட்டாலோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று எதிர்பார்த்தாலோ வெளியிடப்படுகிறது. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 6 மணி நேரத்துக்கே செல்லும். 'மைசுவாச்சா' செயலியிலும் துறையின் இணையத்தளத்திலும் பார்க்கலாம்.

இதையும் விமானி படிப்பதுபோலவே படியுங்கள். முதலில் இடம்: நம் மாநிலத்தின் சிரம்பான், போர்ட்டிக்சன், ரெம்பாவ், தம்பின், கோலப்பிலா, ஜெம்போல், ஜெலுபு ஆகிய 7 மாவட்டங்களில் உங்களுடையது இருக்கிறதா? இரண்டாவது நேரம்: எத்தனை மணி வரை? பழைய எச்சரிக்கையை யாரோ இப்போது அனுப்பியிருக்கிறார்களா? புலனக் குழுக்களில் நேற்றைய எச்சரிக்கை இன்றும் சுற்றுவது நாம் அறிந்ததே. மூன்றாவது, கண்ணும் காதும்: எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக, தலைக்கு மேல் கறுத்து நிற்கும் மேகத்தைப் பொருட்படுத்தாமல் இருக்கக்கூடாது.

காலமும் கணக்கில் வரவேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக்கரை மாநிலங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். இடைப்பட்ட தென்மேற்குப் பருவத்தில், மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வரும் சுமத்ரா புயல்வரிசை இருக்கிறது. சிக்மெட்டில் 'ஸ்குவால் லைன்' என்று வருவது இதுதான். பால்மரம் வெட்டும் நேரத்தில் வந்து ஒரு நாள் கூலியைக் கெடுக்கும் அந்தக் காற்றுமழையைப் பழைய தோட்டத்து மக்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை.

மின்னல் எவ்வளவு தூரம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச் சத்தம் 3 வினாடியில் வந்தால் ஒரு கிலோமீட்டர். 30 வினாடிக்குள் வந்தால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே ஒதுங்கவேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. மழை விட்டதும் வேலைக்கு ஓடுவதில்தான் பலர் சிக்குகிறார்கள்.

ஒதுங்கும் இடம் முக்கியம். மரத்தடி ஆகாது. சுவரில்லாத கொட்டகை மழைக்குத்தான் காப்பு, மின்னலுக்கு அல்ல. கூரையும் கதவும் மூடிய காரும் லாரியும் நல்ல காப்பு. திறந்த டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் காப்பு அல்ல. குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பத்தைக் கீழே போட்டுவிட்டு விலகுங்கள். யாரையாவது மின்னல் தாக்கினால் தொடப் பயப்படவேண்டாம். அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. 999-ஐ அழைத்து, மூச்சும் துடிப்பும் இல்லாவிட்டால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்கவேண்டும்.

"வேண்டாம்" என்று சொல்லும் உரிமை

இறங்குவது ஆபத்து என்று விமானி முடிவு செய்தால் இறங்கமாட்டார். தாமதத்தால் நிறுவனத்துக்கு நட்டம், பயணிகளுக்குக் கோபம். ஆனாலும் அந்த முடிவு அவருடையது. தினக்கூலிக்கோ எடைக்கூலிக்கோ வேலை செய்பவருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது.

இப்போது சட்டத்தில் ஓர் ஆதரவு இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 26ஏ பிரிவின்படி, வேலையிடத்தில் உயிருக்கோ உடலுக்கோ உடனடிப் பேராபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை அகற்ற முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கவோ பாகுபாடு காட்டவோ கூடாது.

இதைப் பயன்படுத்தச் சண்டை தேவையில்லை. மண்டோரிடமோ மேற்பார்வையாளரிடமோ முதலில் சொல்லுங்கள். முடிந்தால் கைப்பேசியில் வந்த எச்சரிக்கையை அவருக்கும் அனுப்பி வையுங்கள். நேரமும் மாவட்டமும் அதிலேயே இருக்கும். காலைப் பிரட்டில் அன்றைய வானிலையை ஒருவர் வாசித்துச் சொல்வதும், எந்த நிரையிலிருந்து எந்தக் கட்டடத்துக்கு ஒதுங்குவது என்று முன்பே பேசி வைப்பதும் செலவில்லாத ஏற்பாடுகள். விமானியின் மாற்று விமான நிலையம்போல நமக்கும் ஒரு மாற்று இடம் வேண்டும். தொழிற்சங்கக் கிளைத் தலைவர்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் இதை ஒரு கூட்டத்தில் பேசினால் போதும். பள்ளித் திடலில் ஓட்டப்போட்டி நடத்துகிறவர்களுக்கும் இதே விதி பொருந்தும்.

வெளிநாட்டிலிருந்து வந்து நம் தோட்டங்களில் குலை வெட்டும் தொழிலாளர்களுக்கு மலாய் எச்சரிக்கை பல நேரம் புரிவதில்லை. பக்கத்து நிரையில் நிற்பவர் சைகையில் சொன்னால்கூட ஓர் உயிர் தப்பலாம்.

இனி மாலையில் லாபு வானத்தில் விமானம் சுற்றுவதைக் கண்டால், மேலே ஒருவர் எச்சரிக்கையைப் படித்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்த நேரம் வெளியில் வேலையில் இருப்பவரைக் கூப்பிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள்.